மாலை போட்டால் விட்டுவிடுவான்

என் தம்பியைப் பற்றி யார் என்ன சொன்னாலும் எங்கள் வீட்டில் அதற்கு ஒரே பதில்தான் இருந்தது. மாலை போட்டால் விட்டுவிடுவான். அம்மா சொல்வாள், அக்கம்பக்கத்தில் சொல்வார்கள், அவனே சொல்வான். கொஞ்ச காலம் நானும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கார்த்திகை பிறந்து கழுத்தில் துளசி மாலை ஏறிவிட்டால் பீர் கிடையாது, கஞ்சா கிடையாது, ஒரு சிகரெட் கூடக் கிடையாது. ஒரு மண்டலம் முழுக்க அப்படி இருக்க முடிகிறவனை அடிமை என்று எந்த வாயால் சொல்வது? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே நாங்கள் பல வருடங்களை ஓட்டினோம்.

அப்பா கிர்க்கியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். வட ஆற்காட்டிலிருந்து பிழைக்க வந்து புனேயிலேயே தங்கிவிட்ட எத்தனையோ குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்பா போன பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஏரவாடாவில் இரண்டு அறை உள்ள வீட்டுக்கு வந்தோம். நான் விமான் நகரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். தம்பி ஏ.சி. மெக்கானிக். ஔந்த் பக்கம் புதிது புதிதாக எழும்பிய பிளாட்டுகளில் அவன் மாட்டாத ஏ.சி. இல்லை என்பது அவன் அளப்பு. கை சுத்தமான வேலைக்காரன், அதில் பொய் இல்லை.

ஆரம்பம் எல்லாம் ஜாலிதான். ஜாலி என்பது அவன் சொல். சனிக்கிழமை வேலை முடிந்ததும் நண்பர்களோடு டேக்டி ஏறுவான். ஊருக்கு நடுவே இருக்கும் குன்றுகளை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். மேலே போய் ஆளுக்கொரு பீர், கைமாறி வரும் ஒரு கஞ்சா பீடி. இறங்கி வரும்போது எனக்கு வடாபாவ் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவான். ஹோலி அன்றைக்கு பாங்கு குடித்துவிட்டுக் கண் சிவக்கச் சிரித்துக்கொண்டே வாசலில் நிற்பான். அம்மா திட்டிக்கொண்டே மோர் கரைத்துக் கொடுப்பாள், அவளுக்கும் சிரிப்பு வந்துவிடும். இதற்குப் பெயர் போதை என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. போதை என்றால் சாராயக் கடை வாசலில் லுங்கி விலகிக் கிடக்கிற பேவ்டாதான். குடிகாரனுக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். எங்கள் வீட்டுப் பையன் இஸ்திரி போட்ட சட்டையில் வேலைக்குப் போகிறவன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருடம் அவன் முதன்முதலாக மாலை போட்டான். அப்பாவோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர்தான் எங்கள் பக்கத்துக்குக் குருசாமி. வருடா வருடம் அவர் தலைமையில் ஒரு கூட்டம் ரயிலேறி மலைக்குப் போகும். கன்னிசாமியாக என் தம்பி அந்த மண்டலம் முழுக்க இருந்த இருப்பைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். கருப்பு வேட்டி, தாடி, தரையில் பாய். விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு அவன் சரணம் சொல்லும் சத்தத்தில்தான் நான் எழுந்திருப்பேன். மலைக்குப் போய் வந்து அம்மா மாலையைக் கழற்றும்போது அழுதான். "இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்மா" என்றான். அதற்குப் பிறகும் வெகு நாட்கள் அவன் டேக்டி பக்கம் போகவில்லை. பிறகு போனான், ஆனால் ஏதோ மறந்துபோனது ஞாபகம் வந்து போகிறவன் மாதிரிதான் போனான்.

மாலை போட்ட வீட்டின் சட்டதிட்டங்கள் வேறு. தம்பி தம்பி இல்லை, சாமி. அம்மா தினமும் அவன் காலில் விழுந்து கும்பிடுவாள். நானும் விழ வேண்டும். டா போட்டுப் பேசக் கூடாது. மாதத்தில் என் நாட்கள் வந்தால் சாமி கண்ணில் படக் கூடாது என்று பக்கத்து மராட்டிக்காரர்கள் வீட்டுக்குப் போய்விட வேண்டும். பூஜைக்குச் செய்த சாம்பாரின் வாசனை சுவரைத் தாண்டி வரும், நான்தான் தாண்டக் கூடாது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஆனால் என் தம்பி தெளிந்த கண்ணோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்றால் நான் எத்தனை நாள் வேண்டுமானாலும் பக்கத்து வீட்டில் கிடக்கத் தயார். அப்படித்தான் நினைத்தேன்.

சில வருடங்கள் போயின. சனிக்கிழமை என்பது புதனும் சனியும் ஆயிற்று. அப்புறம் கிழமைக்கு அர்த்தமில்லாமல் போயிற்று. நான் கேட்டால் சிரிப்பான். "சோட் நா அக்கா, விடேன். கார்த்திகை வந்தா நான் விட்டுடறேனா இல்லியா? விட முடியாதவன்தான் பேவ்டா." கார்த்திகை வரும், விட்டுவிடுவான். அம்மா என்னைத் திரும்பிப் பார்ப்பாள். பார்த்தாயா என்கிற பார்வை.

எனக்கு உறுத்தியது ஒன்றே ஒன்றுதான். முதல் வருடம் மாலையைக் கழற்றாதே என்று அழுதவன், இப்போது விரதம் தொடங்கிய மறுநாளே நாள் எண்ணத் தொடங்கியிருந்தான். சாப்பிட உட்கார்ந்தால், "இன்னும் எத்தன நாளும்மா?" என்று கேட்பான். மலைக்குப் போகிற ஆசையில் கேட்கிறான் என்று அம்மா பூரித்துப்போவாள். மலையிலிருந்து வந்து மாலையைக் கழற்றிய அன்றைக்கு, கட்டிக்கொண்டு வந்த நெய்த்தேங்காய்ப் பிரசாதத்தைப் பங்கு போடக் கூட உட்காராமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். ஒருவன் ஜாலிக்குச் செய்வதற்கும் இல்லாமல் தீராது என்று செய்வதற்கும் நடுவே ஒரு கோடு இருக்குமானால், எங்கள் வீட்டில் அது அந்தச் செருப்பு மாட்டிய இடத்தில்தான் இருந்தது என்று இன்றைக்குச் சொல்வேன். அன்றைக்கு, நண்பர்களைப் பார்த்து நாளாயிற்று, போகட்டும் என்று நானே அம்மாவைச் சமாதானப்படுத்தினேன்.

புனேயின் மார்கழிக் குளிர் தெரியாதவர்களுக்கு அடுத்தது விளங்காது. வாளித் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும். அதில் விடிகாலை ஒரு தடவை, பொழுது சாய ஒரு தடவை தலையோடு குளியல். சாமிக்கு வெந்நீர் கூடாது. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருடம் அவனுக்கு நெஞ்சு கட்டிக்கொண்டு இருமல் பிடித்தது. நிஜ இருமல்தான். அம்மா தெருமுனை மெடிக்கலுக்குப் போய் இருமல் மருந்து ஒரு பாட்டில் வாங்கி வந்தாள். பீர் விரதத்துக்கு ஆகாது, கஞ்சா ஆகாது, மருந்துக்கு என்ன தடை? அவளே ஸ்பூனில் ஊற்றி, சாமி சரணம் சொல்லி, பெற்ற பிள்ளை வாயில் கொடுத்தாள். அந்த வருடம் அவன் நாள் எண்ணவில்லை. அம்மாவுக்கும் எனக்கும் அது சந்தோஷமாக இருந்தது.

மலைக்குப் போய் வந்த பிறகும் இருமல் நிற்கவில்லை. சித்திரையில் நாற்பது டிகிரி வெயிலிலும் இருமினான். அடுத்த கார்த்திகையில் முதல் குளியலுக்கு முன்னாலேயே இருமினான். அம்மா வாங்கிக்கொண்டே இருந்தாள். பீரும் இல்லை, கஞ்சாவும் இல்லை, பிள்ளை திருந்திவிட்டான், இந்தப் பாழாய்ப்போன குளிர்தான் அவனைப் படுத்துகிறது என்று தெருவெல்லாம் சொன்னாள்.

ஒரு நாள் வேலை விட்டு வந்தபோது அம்மா கூடத்தில் நின்று கொதித்துக்கொண்டிருந்தாள். மெடிக்கல்காரன் பாட்டில் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டானாம்.

"இன்னா தைரியம் அவனுக்கு. ஒன் பையன் காலையில ஒண்ணு வாங்கினு போனான், மத்தியானம் ஒண்ணு வாங்கினு போனான், இப்ப நீ வந்து நிக்கிறியேன்றான். மாலை போட்ட சாமியப் பத்திப் பேசறோம்னு ஒரு பயம் வேணா? நாக்கு அழுவிடும்னு சொல்லிட்டு வந்தேன்."

அந்த மாதிரி இருமல் மருந்துகளில் அபின் சரக்கு கலந்திருக்கும் என்று எப்போதோ பேப்பரில் படித்தது ஞாபகம் வந்தது. அம்மாவுக்குக் கேட்காதது எனக்குக் கேட்டது. உள்ளே போனேன். படத்துக்கு முன்னால் கருப்பு வேட்டியில் உட்கார்ந்திருந்தான். நெற்றியில் சந்தனம், கண் பாதி மூடியிருந்தது. தியானம் என்று எவரும் சொல்வார்கள். கன்னத்தில் நாலு அறை விட வேண்டும் போல இருந்தது. ஆனால் கழுத்தில் மாலை இருக்கிறதே. "சாமி, ஒரு நாளைக்கு எத்தனை பாட்டில் குடிக்கிறீங்க?" என்று மரியாதையாகக் கேட்டேன். இதை விடக் கேவலமான கேள்வியை நான் வாழ்க்கையில் யாரிடமும் கேட்டதில்லை. "மருந்துதான்க்கா" என்றான், கண்ணைத் திறக்காமல்.

அதற்குப் பிறகு எங்கள் வீடு இறங்கிய வேகத்தை என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. ஔந்தில் ஒரு வீட்டில் ஏ.சி.யைக் கழற்றிப் போட்டுவிட்டு அவர்கள் சோபாவில் தூங்கிவிட்டான், வேலை போயிற்று. உடம்பெல்லாம் சொறிந்துகொண்டே இருப்பான். பாட்டில் கிடைக்காத நாட்களில் மூக்கும் கண்ணும் ஒழுக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பான். "அக்கா, ஒண்ணே ஒண்ணுக்கா. நாளையிலேர்ந்து வேணாம்" என்று என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுவான். நானே போய் வாங்கிக் கொடுத்த நாட்களும் உண்டு. வேறு என்ன செய்வேன், என் தம்பி நாய் மாதிரி தரையில் கிடந்து துடிக்கிறான். அம்மாவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. குருசாமியிடம் ஓடினாள். மாதப் பூஜைக்கும் நடை திறக்கிறார்களே, கார்த்திகை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இப்போதே மாலை போட்டுவிடுங்கள் என்று அழுதாள். அவர் நல்ல மனுஷர், மறுக்கத் தெரியவில்லை. வைகாசியில் ஒரு மாலை, ஆவணியில் ஒரு மாலை. மாலை ஏறியதும் தெருவே அவனைச் சாமி என்று கும்பிடும். வீட்டில் யாரும் அவன் பையைத் தொட மாட்டோம். நேரம் கெட்ட நேரத்தில் வெளியே போனால் பஜனை என்பான். உலகத்திலேயே பத்திரமான இடத்தில் அவன் இருந்தான்.

கடைசியில் அவனை இழுத்துக்கொண்டு ஒரு டாக்டரிடம் போனேன். அம்மாவும் கூட வந்தாள். டாக்டர் ஒரு மராட்டிக்காரப் பெண்மணி, வயதானவர், இந்தியில் பேசினார். எப்போதாவது இது இல்லாமல் இருந்திருக்கிறானா என்று கேட்டார். அம்மா தன் உடைந்த இந்தியில் பெருமையாகச் சொன்னாள், வருடா வருடம் ஒரு மண்டலம், ஒரு சொட்டு தொட மாட்டான் என்று. டாக்டர் அவனைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "மாலையோடதான் குடிச்சேன்" என்றான். தமிழில்தான் சொன்னான். டாக்டருக்குப் புரிந்திருக்காது. அம்மாவுக்குப் புரிந்தது. அவள் எழுந்து வெளியே போய் மருத்துவமனை வாசல் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டர் என்னிடம் இரண்டு விஷயம் சொன்னார். வீட்டில் வைத்து இதை நிறுத்த முடியாது, லோகாவ் தாண்டி போதையிலிருந்து மீட்கிற மையம் ஒன்று இருக்கிறது, அங்கே சேர்க்க வேண்டும். இன்னொன்று, நிறுத்திய உடம்பு பழைய அளவை மறந்துவிடும், ஞாபகம் வைத்திருப்பது மனசு மட்டும்தான். வெளியே வந்து பழைய அளவை ஒரே ஒரு தடவை குடித்தாலும் மூச்சு நின்றுபோகலாம். நான் அதை அவனிடம் வார்த்தைக்கு வார்த்தை தமிழில் சொன்னேன். "மாலும் ஹை" என்றான், தெரியும் என்று.

மையத்தில் இடம் கிடைத்து வரச் சொன்ன அன்றைக்கே கார்த்திகை பிறந்தது. முதல் நாள் காலையில் அம்மா குளித்துவிட்டு, மாலையைத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு குருசாமியோடு வந்து நின்றாள். படியில் உட்கார்ந்து அழுத அழுகையெல்லாம் எங்கே போயிற்றோ, முகத்தில் பழைய நம்பிக்கை.

"அன்னிக்கி அவன் மனசு சுத்தமா இல்ல. அதான் தப்பு நடந்துச்சு. இந்த வருஷம் வேண்டிக்கினு போடறேன்" என்றாள்.

தம்பி எழுந்து வந்து தாம்பாளத்துக்கு முன்னால் நின்றான். கழுத்தை நீட்டினான். "போடும்மா" என்றான். அவன் என்னைப் பார்த்த பார்வையில் பக்தி இல்லை. மழைக்கு ஒதுங்க இடம் தேடுகிறவனின் அவசரம்தான் இருந்தது. நான் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம். இன்னிக்கி மையத்துக்குப் போறோம்."

"சாமி காரியத்துல குறுக்க வராதடி" என்றாள் அம்மா.

"இது சாமி காரியம் இல்லம்மா. மாலையப் போட்டா அவன் ஒளிஞ்சுக்குவான். நாமளும் கும்புட்டுகினு நிப்போம். செத்துடுவாம்மா."

"நீ தடுத்து அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா எம்மேல போடு" என்றேன். கோபத்தில் சொன்னதுதான், ஆனால் யோசித்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். குருசாமி தாம்பாளத்திலிருந்து மாலையை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, "பொண்ணு சொல்றது சரிம்மா" என்று மெதுவாகச் சொன்னார். அம்மா அவரையும் என்னையும் ஒரே மாதிரி பார்த்தாள். ஆட்டோ பிடித்து அவனை லோகாவுக்குக் கூட்டிப் போனேன்.

மையத்தில் முதல் வாரம் அவனைப் பார்க்க விடவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். ஒவ்வொரு ஞாயிறும் அவன் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சதை வைத்தது. ஒரு தடவை வடாபாவ் கேட்டான். இரண்டு வாங்கிப் போனேன், இரண்டையும் அவனே தின்றான். நான் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன், அது சந்தோஷ அழுகை. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அம்மா ஒரு ஞாயிறு கூட வரவில்லை.

மார்கழி பிறந்து சில நாட்களில் வீட்டுக்கு வந்தான். நல்ல பசி, நல்ல தூக்கம். பழைய டூல் பையை எடுத்துத் துடைத்து எண்ணெய் போட்டான். விமான் நகரில் ஒரு ஓட்டலில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தேன், திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். தெருவில் யாரும் அவனைச் சாமி என்று கூப்பிடவில்லை. இந்த வருடம் மாலை போடவில்லையா என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். அவன் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். அது அவனுக்கு எத்தனை பாரம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நான் வேலைக்குப் போயிருந்தேன். மத்தியானம் வெளியே போய்விட்டு வந்தானாம். தூக்கமாக வருகிறது என்று பாயைப் போட்டுப் படுத்தானாம். குறட்டை ஒரு மாதிரி வந்ததாம். குளிருமே என்று அம்மா போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டிருக்கிறாள். பிள்ளை இவ்வளவு அயர்ந்து தூங்கி எத்தனை காலமாயிற்று, எழுப்ப வேண்டாம் என்று ரேடியோவைக் கூட நிறுத்தியிருக்கிறாள். நான் வந்து போர்வையை விலக்கியபோது அவன் உதடு நீலமாக இருந்தது. கை ஜில்லென்று இருந்தது. போர்வைக்கடியில் கிடந்த காலி மருந்து பாட்டில்கள் அவன் முன்பு ஒரே மூச்சில் குடிக்கிற அளவுதான், கூடக் கிடையாது. என் தம்பி ஆசைப்பட்டுச் சாகவில்லை. பழைய கணக்கை வைத்துக்கொண்டு புது உடம்பில் ஊற்றிவிட்டான். நான் அவனை உலுக்கினேன், வாயில் ஊதினேன், டேய் டேய் என்று கத்தினேன். சாமி இல்லையே, டா போடலாமே.

காரியமெல்லாம் முடிந்தது. வந்தவர்கள் மாரடைப்பு என்று பேசிக்கொண்டார்கள், நாங்களும் அப்படியே விட்டுவிட்டோம். அம்மா என்னைத் திட்டவில்லை. நான் சொன்னபடி என் மேல் போடவும் இல்லை. போட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். டாக்டர் சொன்னதைச் சொல்லியிருப்பேன், மாலையோடு அவன் குடித்ததைச் சொல்லியிருப்பேன், அவள் ஸ்பூனில் ஊற்றிக் கொடுத்ததைக் கூட ஈவிரக்கமில்லாமல் சொல்லியிருப்பேன். எல்லாவற்றையும் தொண்டையில் தயாராக வைத்திருந்தேன்.

மகரஜோதி அன்றைக்குச் சாயங்காலம் தெருவில் சரண கோஷம் கேட்டது. அம்மா சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமல், என்னைப் பார்க்காமல், சாதாரணமாகச் சொன்னாள்.

"மாலை கழுத்துல இருந்திருந்தா தெனம் கொஞ்சம் கொஞ்சமா திருட்டுத்தனமா குடிச்சிகினு இருந்திருப்பான். அப்டியாவது இன்னிக்கி இருந்திருப்பான் இல்ல?"

இருந்திருப்பான். அது எனக்கும் தெரியும். களைந்த தண்ணீரை அவள் கையிலிருந்து வாங்கி நானே கொண்டுபோய்க் கொட்டினேன்.